டேலி ஆனால் போதுமா? செங்கல்பட்டு காமர்ஸ் மாணவர்கள் எதிர்பார்க்கும் வகுப்பறை

மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் ஒரு சிற்பக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். தேதி மார்ச் 31. கீற்றுக் கொட்டகைக்குள் பாதி செதுக்கிய நந்தி நிற்கிறது. கல் வாங்கியாகிவிட்டது. லாரி வாடகை கொடுத்தாகிவிட்டது. இரண்டு சிற்பிகளுக்கு மூன்று மாதக் கூலி போயிருக்கிறது. கட்டர் மெஷினுக்கு மின்கட்டணம் வேறு. ஆர்டர் கொடுத்த கோயில்காரர்கள் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே முழுதாக முடிந்த பிள்ளையார் ஒன்று, நகர்த்தும்போது தும்பிக்கை நுனி உடைந்து கிடக்கிறது. பின்னமான சிலையை வழிபாட்டுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். தோட்ட அலங்காரத்துக்கு என்று யாராவது கேட்டால்தான் உண்டு. இந்தச் சிற்பக்கூடத்தின் இறுதிச் சரக்கிருப்பு எவ்வளவு?

பி.காம். பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்வியே எழாது. இருப்பாய்வுக்குக் கீழே சரிக்கட்டுதல்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெரும்பாலும் முதல் வரியே இறுதிச் சரக்கிருப்பு இவ்வளவு ரூபாய் என்றுதான் தொடங்கும். மாணவர் அந்தத் தொகையை வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கத்தில் ஒரு முறை, இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் ஒரு முறை எழுதுவார். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் முழு மதிப்பெண். அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதையே சரக்கிருப்பின் மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்கிறது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் இரண்டாவது கணக்கியல் தரநிலை. அந்த விதியை மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் உடைந்த பிள்ளையார் முன்னால் நிறுத்தி அதே விதியைப் பயன்படுத்தச் சொன்னால் பேனா நின்றுவிடும். அப்படி ஒரு பொருளின் முன்னால் யாரும் அவரை நிறுத்தியதே இல்லை.

மூன்று ஆண்டுகள், ஆறு செமஸ்டர்கள், நூற்றுக்கணக்கான கணக்குகள் போட்ட பிறகும் ஒரு மாணவர் இந்த இடத்தில் தடுமாறுகிறார் என்றால், குறையை அவருடைய மூளையில் தேடக் கூடாது. அவருக்குக் கிடைத்த வகுப்பறையில் தேட வேண்டும்.

யார் இந்த மாணவர்கள்?

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1837-இல் சென்னையில் தொடங்கி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரி, கௌரிவாக்கத்தில் எஸ்.ஐ.வி.இ.டி., செங்கல்பட்டு நகரில் ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பழைய மாமல்லபுரம் சாலையில் படூர் இந்துஸ்தான் என்று ஜி.எஸ்.டி. சாலையும் ஓ.எம்.ஆரும் கல்லூரிகளால் நிறைந்திருக்கின்றன. அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என எதை எடுத்தாலும் காமர்ஸ் பிரிவில் இடம் கேட்டு நிற்கும் கூட்டம் பெரியது.

மதுராந்தகம், செய்யூர் பக்கத்திலிருந்து பஸ்ஸிலும், திருக்கழுக்குன்றம் வழியாக டவுன் பஸ்ஸிலும், கடற்கரை மார்க்க மின்சார ரயிலிலும் இவர்கள் வருகிறார்கள். உயர்கல்வியில் மாணவர் சேர்க்கை விகிதம் 2021-22இல் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47. அந்த எண்ணுக்குள் வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகும் பிள்ளைகள் ஏராளம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பயணச் செலவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கைகொடுக்கிறது. ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரி என்றால் மதியத்தோடு வகுப்பு முடியும். பிறகு துணிக்கடை, மருந்துக்கடை, டெலிவரி என்று பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

இவர்கள் காமர்ஸை எடுப்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா, சோழிங்கநல்லூரில் ஃபோர்டு போன்ற நிறுவனங்களின் வணிக மையம். உலகின் வேறு மூலையில் நடக்கும் வியாபாரத்தின் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. விற்பனையாளர் பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவிப்பது, வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது, மாத முடிவில் கணக்கை முடிப்பது ஆகியவையே அங்கே தினசரி வேலை. மறுபுறம் ஆடிட்டர் அலுவலகங்கள், ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகள், மறைமலைநகர் சிறுதொழில்கள். வேலை இருக்கிறது. அந்த வேலைக்கும் வகுப்புக்கும் நடுவில்தான் இடைவெளி.

போர்டில் ஒரு சம், நோட்டில் ஒரு சம்

ஒரு வழக்கமான அக்கவுண்ட்ஸ் வகுப்பு எப்படி நடக்கிறது என்று எந்த மாணவரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். ஆசிரியர் சம்மை வாசிப்பார். போர்டில் படிவம் வரைவார். பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதுவார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். வொர்க்கிங் நோட்ஸ் எழுதிக்கொள்ளும் நேரத்தில் மணி அடிக்கும். அடுத்த வகுப்பில் அடுத்த சம். செமஸ்டர் முடிவதற்குள் போர்ஷனை முடித்தாக வேண்டும். கம்பெனிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல் என்று பாடத்தின் பெயர் மாறினாலும் வகுப்பின் வடிவம் மாறுவதில்லை.

தேர்வும் இதற்கேற்றதாகவே இருக்கிறது. அக மதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. பழைய வினாத்தாள்களைப் பார்த்தால் எந்த யூனிட்டில் எந்த மாதிரி சம் வரும் என்று தெரிந்துவிடும். முன் ஆண்டில் வந்த வகையை விட்டுவிட்டு, வராத வகையைப் பிடித்துப் போட்டுப் பார்த்தால் பாஸ். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் மாணவர் தயாராகிறார்.

ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரென்ஸ் மார்டன், ரோஜர் சால்யோ இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரே பாடத்தைப் படிக்கும்போது சிலர் அதன் பொருளைத் தேடுகிறார்கள், சிலர் கேட்டால் ஒப்பிக்க வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். என்ன மாதிரிக் கேள்வி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே படிக்கும் முறையைத் தீர்மானிக்கிறது என்பது அதன் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. கணக்கியல் மாணவர்கள் மேலோட்டமாகவே படிக்கிறார்கள் என்ற குறை பல நாடுகளில் பேராசிரியர்களிடம் உண்டு. அந்தக் குறையின் பெரும்பங்கு வினாத்தாளைச் சேரும்.

இரண்டு பக்கமும் சமமாக வருவதையே வெற்றி என்று பழக்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, தன் நிறுவனத்தின் கணக்கில் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டப்பட்டது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த இருப்புநிலைக் குறிப்பும் ஆண்டுதோறும் டேலி ஆகிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பணம் உண்மையிலேயே வங்கியில் இருக்கிறதா, வங்கியிடமே நேராகக் கேட்டுச் சரிபார்த்தது யார் என்ற கேள்வியை எழுப்பத் தெரிந்தவரே கணக்காளர். அந்தக் கேள்விக்கு நம் பி.காம். வினாத்தாளில் மதிப்பெண் கிடையாது.

பில்லிலிருந்து தொடங்குங்கள்

மாணவர்கள் விரும்புவது என்ன? முதல் விருப்பம் எளிமையானது. ஒரு நிஜமான பில்லைக் கையில் கொடுங்கள். கொள்முதல் பில், டெலிவரி சலான், வங்கி அறிக்கை, சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. விவரணை ஆகியவற்றிலிருந்து குறிப்பேடு, குறிப்பேட்டிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு என்று ஒரு நிறுவனத்தின் ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுத விடுங்கள். இப்போது மாணவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே வகைபிரித்து, மொத்தம் போட்டு, தலைப்பும் இட்ட எண்கள். கணக்காளரின் வேலையில் கடினமான பாதி அந்த எண்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது விருப்பம் கணினி. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் டேலி மென்பொருள் இன்று சின்னக் கடை வரை போயிருக்கிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே டேலி ஒரு பாடம். ஆனாலும் பட்டம் முடித்தவர் தனியாகப் பணம் கட்டி டேலி கோர்ஸ் போகும் வழக்கம் தொடர்கிறது. கல்லூரியில் அது ஒரு தாளாக, சில மணி நேர லேபாக மட்டும் நின்றுவிடுவதே காரணம். நிதிக் கணக்கியல் வகுப்பில் போர்டில் போடும் அதே சம்மை அன்று மாலையே கணினியிலும் பதிந்து பார்த்தால் இரண்டும் ஒரே பாடமாகும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது சட்டம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அழிக்க முடியாது. இந்த விதி ஏன் வந்தது என்று திரையில் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்குத் தணிக்கைப் பாடம் தானாகவே பிடிபடும்.

மூன்றாவது, இன்றைய சட்டம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் பெரிய அளவில் மாறின. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி, உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல் 5 சதவீதமானது. மாமல்லபுரத்தில் இருக்கும் ஒவ்வொரு சிறு விடுதிக்கும் இது அன்றைக்கே பில்லை மாற்ற வைத்த செய்தி. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக, 536 பிரிவுகள் கொண்ட புதிய சட்டம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பிரிவினை போய் வரி ஆண்டு என்ற ஒன்றே வருகிறது. பிரிவு எண்களை உருப்போட்டவர் மறுபடி முதலிலிருந்து உருப்போட வேண்டும். ஒரு வருமானத்துக்கு ஏன் வரி, ஒரு செலவுக்கு ஏன் கழிவு என்று கேட்டுப் படித்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். மாறும் சட்டத்தைத் தேடிப் படிக்கும் பழக்கத்தையே மாணவர் கல்லூரியில் பெற வேண்டும்.

தமிழில் ஒரு முறை சொன்னால் என்ன?

பன்னிரண்டாம் வகுப்பு வரை பற்று, வரவு, பேரேடு, தேய்மானம், வாராக்கடன் என்று படித்த பிள்ளை, ஜூன் மாதம் கல்லூரிக்குள் நுழைந்ததும் அத்தனையையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. பாடம் தெரிந்திருந்தும் முதல் செமஸ்டரில் பின்தங்குகிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவி கம்பெனிச் சட்டத் தாளில் அரியர் வைக்கிறாள் என்றால், அங்கே அவளைத் தடுத்தது பெரும்பாலும் மொழிதான்.

இதற்குத் தீர்வு ஆங்கிலத்தை விட்டுவிடுவதில் இல்லை. வேலை செய்யப்போகும் அலுவலகத்தில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று மாணவர்களுக்கே தெரியும். அவர்கள் விரும்புவது இரண்டு மொழியிலும் விளக்கம். புதிய கருத்தைத் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பழக்குங்கள். முதல் செமஸ்டருக்கு இருமொழிக் கலைச்சொல் கையேடு ஒன்று கொடுங்கள். வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்பது தாழ்வு என்ற எண்ணத்தை ஆசிரியரே உடைக்க முடியும்.

மேலே போனால் சுவர் இன்னும் உயரம். பட்டயக் கணக்காளர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். இந்தி வழியில் படித்தவருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு தமிழ் வழியில் படித்தவருக்கு இல்லை. பவுண்டேஷன் நிலையிலாவது தமிழில் எழுத வாய்ப்பு வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழகப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்கே தப்பு என்று சொல்லுங்கள்

மாணவர் மனதில் நெடுநாளாக இருக்கும் இன்னொரு குறை, விடைத்தாள் பற்றியது. இன்டர்னல் டெஸ்ட் தாள் திரும்பி வரும்போது மேலே ஒரு எண் மட்டும் இருக்கும். இறுதிக் கணக்கில் இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் மாணவர் அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். எந்தப் பதிவில் பிசகியது, தேய்மானத்தையா, கொடுபட வேண்டிய செலவையா, ஏன் அப்படி நினைத்தேன் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. அந்த ஒரு வரி கிடைத்தால் அடுத்த பத்து சம்களில் அதே தப்பு வராது. கணக்கியலில் தப்பு என்பது கற்பதற்கான மிகச் சிறந்த வாசல். அந்த வாசலைச் சிவப்பு மையால் சுழித்து மூடிவிடுகிறோம்.

ஆசிரியர் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அறுபது பேருடைய நோட்டைத் தனித்தனியாகத் திருத்த அவருக்கு நேரம் கிடையாது. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும் பகுதியைத் தொகுப்பூதியத்தில் உழைக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குகிறார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் சேர்க்கை வேலை, நாக் தரமதிப்பீட்டுக் கோப்புகள், தேர்வுப் பணி எல்லாம் ஆசிரியர் தலையிலேயே விழுகின்றன. முதுகலை முடித்து, நெட் அல்லது செட் தேறி, ஆய்வுப் பட்டம் வாங்கி வேலைக்கு வந்த பேராசிரியருக்கு ஓர் ஆடிட் அலுவலகத்தில் சில மாதம் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு யாராலும் தரப்படவில்லை.

இதற்கான கதவுகள் சில ஏற்கெனவே திறந்திருக்கின்றன. சி.ஏ., சி.எஸ்., ஐ.சி.டபிள்யூ.ஏ. தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அறிவித்தது. தொழில் அனுபவம் உள்ளவர்களை ஆய்வுப் பட்டம் இல்லாமலேயே நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்தது. செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் தொழில் செய்யும் ஆடிட்டர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவர இதைவிட வேறு அனுமதி தேவையில்லை. ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைப்பதை விட்டு, வாரம் ஒரு வகுப்பு எடுக்க அழைத்தால் போதும்.

பிடித்ததெல்லாம் பயன் தருமா?

மாணவர் விருப்பத்தை அப்படியே சட்டமாக்கிவிட முடியாது. சிலருக்கு நோட்ஸ் டிக்டேட் செய்வதே பிடிக்கும். சிலர் முக்கியமான கேள்விகளை மட்டும் குறித்துக் கொடுக்கச் சொல்வார்கள். குழுவாக உட்கார்ந்து ஒரு நிறுவனத்தின் கணக்கை அலசச் சொன்னால், ஆசிரியர் பாடம் நடத்தாமல் தப்பிக்கிறார் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே சிக்கலைத் தீர்க்கும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் அழகாகப் பேசும் ஆசிரியரின் விரிவுரையைக் கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். கற்கும்போது ஏற்படும் திணறலைத் தோல்வி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தத் திணறல் நல்லது, எதற்காக இப்படி நடத்துகிறேன் என்று ஆசிரியர் செமஸ்டர் தொடக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை. அறிவியல், பொறியியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒப்பாய்வும், விரிவுரை மட்டுமே உள்ள வகுப்பில் தோற்பவர்களின் விகிதம் ஒன்றரை மடங்கு என்று காட்டியது.

கணக்கியல் துறையே தன்னைப் பற்றிக் கவலைப்பட்டதும் உண்டு. அமெரிக்கக் கணக்கியல் கழகம் 1989-இல் பாடமுறையை மாற்றுவதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2000-இல் ஸ்டீவ் ஆல்பிரெக்ட், ராபர்ட் சாக் இருவரும் எழுதிய அறிக்கை, மறுபடி படிக்க வாய்ப்புக் கிடைத்தால் கணக்கியலை எடுக்க மாட்டோம் என்று கணக்காளர்களும் கணக்கியல் பேராசிரியர்களுமே சொன்னதைப் பதிவு செய்தது. விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கும் கல்வியை விட்டு வெளியே வாருங்கள் என்று அந்த அறிக்கை எச்சரித்தது. கால் நூற்றாண்டு கழித்து, விதிகளை மனிதரைவிட வேகமாகப் பயன்படுத்தும் மென்பொருள் வந்துவிட்ட பிறகு, அந்த எச்சரிக்கை நமக்கு இன்னும் பொருந்துகிறது.

பாடப்புத்தகம் கடற்கரையிலேயே இருக்கிறது

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. உளியைத் தொடாமல் அங்கே யாரும் சிற்பி ஆவதில்லை. மாணவர் கல்லைக் கெடுக்கிறார், ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்துகிறார். அதே மாவட்டத்தில் கணக்கியல் படிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. அதற்கான பொருள் சுற்றிலும் கிடக்கிறது.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவர் குப்பங்களில் எரிபொருள், ஐஸ் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பங்கு பிரிக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு, உழைத்தவர்களுக்குத் தனிப் பங்கு. கூட்டாண்மைக் கணக்கின் இலாபப் பகிர்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? உப்புக் காற்றில் இயங்கும் படகு இன்ஜினுக்கு ஆயுள் எத்தனை ஆண்டு என்று மீனவரிடம் கேட்டு வந்து தேய்மானம் போடும் மாணவர், அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டார்.

வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் பிடித்துவரும் பாம்புக்குப் பணம் கொடுத்து, விஷத்தை எடுத்து, பாம்பைத் திரும்ப விட்டுவிட்டு, உலர்த்திய விஷத்தை மருந்து தயாரிப்பவர்களுக்கு விற்கும் சங்கம். ஒரு கிராம் விஷத்துக்கு அடக்கவிலை போட்டுப் பார்ப்பது அடக்கவிலைக் கணக்கியல் வகுப்புக்கு மாதக்கணக்கில் வேலை தரும். ஊருக்கு ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, ஏடுகள் என்று அவை கடைப்பிடிக்கும் ஐந்து நெறிகளில் கணக்கேடும் ஒன்று. ஓரளவு படித்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுப்பாக எழுதிவரும் அந்த ஏடுகளைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு காமர்ஸ் மாணவி உதவினால் இருவருமே கற்பார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்தலில் நிற்கக் கூடாது என்று விதித்தன. கணக்கு எழுதியவர் தன் கணக்கை ஒப்படைத்து, நேர்மையானது என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கணக்கு என்பது பொறுப்புக்கூறல். 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளரான ஆர். சிவபோகம், சென்னையில் சி.எஸ். சாஸ்திரி என்ற தணிக்கையாளரிடம் பயிற்சி எடுத்தே தொழிலைக் கற்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்பதற்காகத் தொழில் செய்யத் தடை வந்தபோது நீதிமன்றம் போய் வென்றார். புதுமைப்பெண் பணத்தில் பஸ் ஏறி வரும் மாணவிகளுக்குக் காமர்ஸ் துறைச் சுவரில் மாட்ட வேண்டிய படம் அவருடையது.

என்ன செய்யலாம்?

கேட்பது பெரிய பணம் அல்ல. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் முதன்மைக் கணக்கியல் தாளில் கால் பங்கு மதிப்பெண்ணையாவது உண்மையான ஆவணங்களை வைத்து முடிவெடுக்கும் கேள்விக்கு ஒதுக்கட்டும். அந்த ஒரு மாற்றம் வந்தால் வகுப்பு தானாக மாறும். பாடத்திட்டத்தில் இருக்கும் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் ஒட்டும் சடங்காக முடியாமல், ஒரு சிற்பக்கூடத்தின், விடுதியின், கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு மாதக் கணக்கை எழுதிக் கொடுக்கும் பணியாகட்டும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளை முதன்மைத் தாள்களோடு இணைக்கட்டும். கௌரவ விரிவுரையாளர்களின் இடங்களில் நிரந்தர ஆசிரியர்களை அரசு நியமிக்கட்டும். நோட்டைத் திருத்த ஆள் இல்லாத வகுப்பில் எந்தச் சீர்திருத்தமும் நிற்காது.

செங்கல்பட்டு, தாம்பரம் ஆடிட்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, ஒரு சிறு வியாபாரத்தின் ஓராண்டு ஆவணங்களை அருகிலுள்ள கல்லூரிக்குக் கொடுங்கள். ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரு வகுப்பு அதில் கற்க முடியும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த சம்மில் இறுதிச் சரக்கிருப்புத் தொகை கொடுக்கப்பட்டிருந்தால், இதை யார் எண்ணினார், எந்த விலையில் எண்ணினார் என்று வகுப்பில் எழுந்து கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கல்லூரிக்கு இருக்கிறது.